எங்கள் அப்பாவோடு சாஃப்ட்பால் ஆடியவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?

சத்துவாச்சாரி மகள்
ஞாயிறு, காலை 10.15

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பல வருடமாகப் படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் முறை.

எங்கள் அப்பா மூன்று வாரத்துக்கு முன்னால் தவறிப்போனார். 67 வயது. ராத்திரி ரசம் சாதம் சாப்பிட்டார். காலையில் மோட்டார் போட மறந்துவிடாதே என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படுத்தார். எழுந்திருக்கவில்லை. காரியம் எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பின பிறகு, நேற்றுதான் தம்பியும் நானும் பரணிலிருந்து அவர் சாமான்களை இறக்கினோம்.

ஒரு தோல் கிளவுஸ். வெல்டிங் பட்டறையில் செய்த ஒரு இரும்பு மாஸ்க், உள்ளே ஹவாய் செருப்பு ரப்பரை வெட்டி ஒட்டியிருக்கிறது. மரத்தில் ஒன்று, அலுமினியத்தில் ஒன்று என்று இரண்டு மட்டை. மடித்து வைத்த நாலு கோணிப்பை. நடுவில் பிளந்த ஒரு பந்து. அப்புறம் 14 லாங் சைஸ் நோட்டு. எல்லாமே பென்சிலில் கோடு போட்டு எழுதிய சாஃப்ட்பால் ஸ்கோர். முதல் நோட்டில் 1976 என்று இருக்கிறது, கடைசி நோட்டில் போன வருஷம்.

அப்பா ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்த்தார். தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கும் வேலை. தினமும் போக வர பஸ். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாஃப்ட்பால். வீட்டில் எங்களுக்கு அவரைத் தெரியும், மைதானத்தில் இருந்த அவரைப் பாதிதான் தெரியும். அவரோடு ஆடியவர்கள், அவர் அம்பயராக நின்ற ஆட்டங்களைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் இரண்டு வரி எழுதுங்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

இந்தச் சாமான்களை என்ன செய்வது என்றும் சொல்லுங்கள். பழைய இரும்புக்காரரிடம் போட மனசு வரவில்லை.

காட்பாடி தம்பி
ஞாயிறு, காலை 11.02

ஆழ்ந்த இரங்கல் அக்கா. தப்பா நினைக்காதீங்க, சாஃப்ட்பால்னா ரப்பர் பந்து கிரிக்கெட்டா? நம்ம ஊரில் யாராவது இதை ஆடினார்களா என்ன? சத்துவாச்சாரி என்றாலே எனக்குத் தெரிந்தது வெயிட்லிஃப்டிங்தான். 2014-லும் 2018-லும் காமன்வெல்த்தில் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் அண்ணன் ஊர் ஆச்சே.

பழைய பிட்சர், ஆற்காடு
ஞாயிறு, மதியம் 2.40

அம்மா, உன் அப்பா கேட்சரா? வலது கை சுண்டுவிரல் நுனி வெளிப்பக்கமாக வளைந்திருக்குமா?

சத்துவாச்சாரி மகள்
ஞாயிறு, மதியம் 2.48

ஆமாம் ஐயா. வளைந்துதான் இருக்கும். எனக்குத் தலை பின்னிவிடும்போது அந்த விரலில் முடி மாட்டும். தம்பி பிறந்து அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் பின்னல் போடக் கற்றுக்கொண்டவர், நான் பத்தாவது முடிக்கும் வரை அவர்தான் பின்னிவிட்டார். கிளவுஸுக்கு லேஸ் இழுக்கிற மாதிரி இறுக்கி இழுப்பார், சாயங்காலம் வரை ஒரு முடி பிரியாது.

நீங்கள் யார் ஐயா?

பழைய பிட்சர், ஆற்காடு
ஞாயிறு, மதியம் 3.30

அந்த விரலை வளைத்தது என் பந்துதான் அம்மா. 1973. மாமா என்றே கூப்பிடு.

அவன் போனது எனக்குத் தெரியாது. இரண்டு வருஷமாக மகன் வீட்டில் இருந்தேன், கண் ஆபரேஷன், போனும் மாறிவிட்டது. நீ எழுதியதை என் பேத்திதான் படித்துக் காட்டினாள். கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை. இப்போது நான் சொல்லச் சொல்ல அவள்தான் தட்டுகிறாள்.

நாங்கள் ஒரே வகுப்பு. 1971-ல் எங்கள் பி.டி. மாஸ்டர் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு, ஒரே ஒரு பந்தோடு திரும்பி வந்தார். வெள்ளைப் பந்து, பெரிய மாதுளம்பழம் அளவு. பள்ளிக்கூட மைதானம் ஃபுட்பால்காரர்களுக்கு. அதனால் எங்களைப் பாலாற்றுக்குக் கூட்டிப் போனார். அப்போதெல்லாம் பாலாறு என்றால் கண்ணுக்கு எட்டின வரை மணல். கோணிப்பையில் மணலை அள்ளிக் கட்டி நாலு மூலையில் போட்டால் அதுதான் பேஸ், பந்தை அடித்தவன் ஓடித் தொட வேண்டிய இடம். ஒரு பேஸுக்கும் அடுத்ததுக்கும் 60 அடி, கயிறு போட்டு அளந்து வைப்போம். மணலில் கால் புதையப் புதைய ஓடிப் பழகிவிட்டு, கோட்டை மைதானத்தின் கெட்டித் தரையில் இறங்கினால் பறக்கிற மாதிரி இருக்கும்.

கேட்சராக உட்கார யாருக்கும் தைரியம் இல்லை. மட்டை வீசுகிறவனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, வருகிற பந்தை எல்லாம் வாங்க வேண்டும். அவன்தான் முதலில் போய் உட்கார்ந்தான். மாஸ்க் இல்லாமலே ஒரு வருஷம் உட்கார்ந்தான். உதடு கிழிந்து மூன்று தையல் போட்ட பிறகுதான், அவன் அப்பாவுக்குத் தெரிந்த பட்டறையில் கம்பியை வளைத்து அந்த மாஸ்க்கைச் செய்தோம். செருப்பு ரப்பர் என்னுடையது. அம்மாவிடம் அடி வாங்கினேன்.

ஆட்டத்தில் மற்ற எட்டுப் பேரும் பார்ப்பது அவனை. அவன் ஒருவன்தான் எட்டுப் பேரையும் பார்க்கிறான். யார் முகம் வாடியிருக்கிறது, யாருக்கு வெயில் கண்ணில் அடிக்கிறது, யார் சாப்பிடாமல் வந்திருக்கிறான், எல்லாம் தெரியும் அவனுக்கு. நம்ம ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? இடைவேளையில் தண்ணீர்க் குடத்தை முதலில் யாரிடம் கொடுக்க வேண்டும் என்று அவனுக்குத்தான் தெரியும்.

பி.டி. டீச்சர், குடியாத்தம்
ஞாயிறு, இரவு 8.20

அக்கா, உங்கள் அப்பா எங்களுக்கு ‘சார்’. 1998-லிருந்து மூன்று வருஷம் எங்கள் பள்ளி அணிக்கு ஞாயிறுதோறும் வந்தார். சம்பளம் கிடையாது, பஸ் காசு கூட வாங்கமாட்டார். இன்று நான் பி.டி. டீச்சராக இருப்பதற்கு அவர்தான் காரணம்.

முதலில் காட்பாடித் தம்பிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், சார் இருந்தால் அவரும் அதைத்தான் முதலில் செய்வார். தம்பி, பெயரில்தான் சாஃப்ட். அந்தப் பந்தின் சுற்றளவு 12 அங்குலம், எடை 178 முதல் 198 கிராம். கிரிக்கெட் பந்தே 163 கிராமைத் தாண்டாது. ஒரு அணிக்கு 9 பேர், 7 இன்னிங்ஸ். பந்தை இடுப்புக்குக் கீழே கையைச் சுழற்றித்தான் எறிய வேண்டும். பெண்கள் ஆட்டத்தில் எறிகிற இடத்துக்கும் அடிக்கிற இடத்துக்கும் 43 அடி, ஆண்களுக்கு 46. கிரிக்கெட் பிட்ச் 66 அடி என்பதை வைத்து யோசித்துப் பார், அடிக்கிறவளுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று. பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளிலும் பல்கலைக்கழகப் போட்டிகளிலும் இந்த ஆட்டம் பல வருஷமாக இருக்கிறது. பத்திரிகையில் ‘மென்பந்து’ என்று இரண்டு வரி போடுவார்கள், யாரும் கவனிப்பதில்லை.

அந்தப் பிளந்த பந்து பற்றி எனக்குத் தெரியும் அக்கா. முதல் நாள் எங்கள் 12 பேரையும் வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, பையிலிருந்து அதை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே என்ன இருக்கு சொல்லுங்கள் என்றார். ஒருத்தி ரப்பர் என்றாள், ஒருத்தி தேங்காய் நார் என்றாள். கொஞ்சம் பிய்த்து என் உள்ளங்கையில் வைத்தார். இலவம் பஞ்சு! நம் தலையணையில் இருக்கும் அதே பஞ்சு, கல் மாதிரி இறுகிக் கிடந்தது. பழைய பந்துகளை அப்படித்தான் செய்தார்கள், இப்போது வேறு பொருளும் வைக்கிறார்கள். 1887-ல் சிகாகோவில் ஒரு படகு கிளப்பில், ஒரு பாக்ஸிங் கிளவுஸைச் சுருட்டிக் கட்டி, துடைப்பக் கட்டையால் அடித்து ஆரம்பித்த ஆட்டம் இது என்றும் அன்றுதான் சொன்னார். “நம்ம வீட்டில இல்லாத சாமான் எதுவும் இதுக்கு வேணாம்மா” என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

வெளியூர் போட்டிக்குப் பெண்பிள்ளைகளை அனுப்ப அப்போது எந்த வீட்டில் சம்மதித்தார்கள்? என் அம்மா முடியவே முடியாது என்றார். அடுத்த ஞாயிறு சார் தன் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். “இவங்களும் கூட வருவாங்க, ராத்திரி பிள்ளைங்களோடதான் படுப்பாங்க” என்றார். அவ்வளவுதான், எங்கள் தெருவில் மூன்று வீடு சம்மதித்தது. அம்மா ஒரு பெரிய தூக்கில் புளிச்சோறும், வாழை இலையில் சுற்றிய துவையலும் கொண்டு வருவார். அக்கா, நீங்களும் ஒருமுறை வந்தீர்கள், ஸ்கோர் நோட்டைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். உங்களுக்கு நினைவிருக்காது.

சத்துவாச்சாரி மகள்
ஞாயிறு, இரவு 9.05

நினைவிருக்கிறது டீச்சர். பென்சில் சீவிக் கொடுப்பதுதான் என் வேலை. பிளேடால் சீவி வரிசையாக நாலு பென்சில் வைத்திருக்க வேண்டும். பேனாவைத் தொடவே விடமாட்டார். அம்பயர் தீர்ப்பை மாற்றினால் நாமும் மாற்றி எழுத வேண்டும், அடித்துத் திருத்தினால் பக்கம் அசிங்கமாகிவிடும் என்பார்.

புளிச்சோறு பற்றி நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்தேன். அந்தத் தூக்கு இன்னும் இருக்கிறது என்று எழுந்து போய் எடுத்து வந்து காட்டினார்.

ஆம்பூர் கட்டிங் மாஸ்டர்
திங்கள், காலை 6.50

இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். உங்கள் அப்பாவை எனக்கு ஒரே ஒரு நாள்தான் தெரியும். ஆனால் அந்தக் கிளவுஸை நன்றாகத் தெரியும்.

இருபது வருஷம் இருக்கும். ஷூ கம்பெனி விட்டு வந்து வீட்டுத் திண்ணையில் சின்னச் சின்ன ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ சொல்லி விசாரித்து வந்தார். கிளவுஸில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் வலைப் பாகம் அறுந்து தொங்கியது. உள்ளங்கைத் தோலும் தேய்ந்திருந்தது, அதையும் மாற்றித் தருகிறேன் பாய் என்றேன். வேண்டாம் என்றார். பந்து விழுந்து விழுந்து அந்தத் தோலில் ஒரு குழி விழுந்திருந்தது. “இந்தக் குழி விழ இருபது வருஷம் ஆச்சு, புதுத்தோல் போட்டா இன்னும் இருபது வருஷத்துக்கு நான் எங்கே போறது” என்றார். லேஸ் மட்டும் வெட்டச் சொன்னார்.

எருமைத் தோலில் 6 மில்லி அகலத்தில் வெட்டினேன். அவர் தொழில்காரர் இல்லையா, வெட்டுவதற்கு முன் தோலைக் கையில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் முதுகுப் பக்கத்திலிருந்து வயிற்றுப் பக்கம் வரை தடவிப் பார்த்தார். இந்த இடத்தில் வெட்டுங்கள், இங்கே நீளாது என்று நகத்தால் ஒரு கோடு போட்டார். சரியான இடம். எங்கள் பெரியவர்கள் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலத்தைப் பற்றி அன்றைக்கு ரொம்ப நேரம் பேசினோம். ஈ.ஐ., அதாவது ஈஸ்ட் இந்தியா தோல் என்கிற அந்தத் தோலுக்கு 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு முதலில் அவர் ஞாபகம்தான் வந்தது.

கிளவுஸைச் சும்மா வைத்தால் வெடித்துவிடும் மகளே. விளக்கெண்ணெய் நாலு சொட்டு, பழைய பனியன் துணியில் தொட்டுத் தடவுங்கள். பிறகு குழியில் ஒரு பந்தை வைத்துத் துணியால் கட்டி வையுங்கள்.

அக்கா மகன், பெங்களூரு
திங்கள், இரவு 10.30

மாமாவைப் பற்றி நான் ஒன்று சொல்கிறேன். 2021 ஜூலை, கொரோனா நேரம், வேலை வீட்டிலிருந்து என்று நான் மாமா வீட்டில்தான் இருந்தேன். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் சாஃப்ட்பால் ஃபைனல், ஜப்பானும் அமெரிக்காவும். 2008-ல் பெய்ஜிங்கிலும் அதே இரண்டு அணிகள்தான், ஜப்பான் 3-1 என்று ஜெயித்தது. அந்தப் போட்டியில் யுகிகோ உயெனோ இரண்டு நாளில் 413 பந்து எறிந்ததை மாமா எங்களுக்கு நூறு தடவை சொல்லியிருப்பார். அதற்கப்புறம் ஒலிம்பிக்ஸிலிருந்தே ஆட்டத்தை எடுத்துவிட்டார்கள். 13 வருஷம் கழித்துத் திரும்பி வந்தால் அதே உயெனோ, 39 வயதில்.

என் லேப்டாப்பில் பார்த்தோம். மாமா நாற்காலியில் உட்காரவில்லை. முட்டி வலியோடு, தரையில் குந்தி உட்கார்ந்துதான் பார்த்தார், கேட்சர் உட்காரும் மாதிரி. ஆறாவது இன்னிங்ஸில் அமெரிக்கா ஓங்கி அடித்த பந்து மூன்றாம் பேஸ் பெண்ணின் கையில் பட்டுத் தெறித்தது. அது தரையில் விழுவதற்குள், இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் பாய்ந்து பிடித்து இரண்டாவது பேஸுக்கு எறிந்தார். இரண்டு அவுட். மாமா எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். கை நடுங்கியது. 2-0, ஜப்பான் ஜெயித்தது. உடனே அத்தையிடம் போய், “அந்தப் பொண்ணு நம்ம பெரியவளைவிட ஒரு வயசுதான் பெரியவ, இன்னும் எறியுறா பாரு” என்றார்.

2028 லாஸ் ஏஞ்சலஸில் மறுபடியும் சாஃப்ட்பால் இருக்கிறது. சேர்ந்து பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருந்தேன்.

நோட்டுகளை யாருக்கும் கொடுக்காதே. நான் வந்து எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து தருகிறேன். ஒரு பள்ளிக்கூடத்து பீரோவுக்குப் போனால் இரண்டு வருஷத்தில் கரையான் தின்றுவிடும்.

விருதம்பட்டு வாசகி
செவ்வாய், காலை 9.15

துக்க வீட்டில் இதைச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் அப்பாவும் ஆட்டக்காரர்தான், வாலிபால். ஊர் முழுக்க அவரைக் கொண்டாடியது. எங்களுக்கு ஸ்கூல் பீஸ் கட்ட அம்மா வளையலை அடகு வைத்தார். இப்படி நல்லவிதமாக எல்லோரும் எழுதும்போது, அந்த வீட்டில் இருந்தவர்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. உங்கள் அம்மா என்ன சொல்கிறார்?

சத்துவாச்சாரி மகள்
செவ்வாய், இரவு 9.50

நீங்கள் கேட்டது நல்லதுதான் சகோதரி. எங்களுக்கும் வருத்தம் இருந்தது. ஒரு பொங்கலுக்கு அவர் வீட்டில் இல்லை, அம்மா அடுப்பு முன்னால் தனியாக நின்றார். தம்பி இன்றும் அதைச் சொல்வான்.

ஆனால் அந்த நோட்டுகளில் ஒன்று இருக்கிறது. பக்கத்தின் இடது பக்கம் ஸ்கோர், வலது ஓரத்தில் வீட்டுக் கணக்கு. ஒரு பக்கத்தை அப்படியே எழுதுகிறேன். நாலாவது இன்னிங்ஸ் கட்டத்துக்கு நேராக: “பால் 31 லி. பெரியவள் பீஸ் 35. கட்டியாச்சு.” அதற்குக் கீழே: “மட்டை வாங்க 120 வேணும். தீபாவளி போனஸ் வரட்டும்.” அடுத்த மூன்று தீபாவளியிலும் அதே வரி இருக்கிறது, மட்டை வாங்கவில்லை. நாலாவது வருஷம்தான் அந்த வரி அடிக்கப்பட்டிருக்கிறது. ஆட்டத்துக்கும் வீட்டுக்கும் ஒரே நோட்டு, ஒரே பென்சில்.

எனக்கு உறுத்துவது வேறு. நான் ஒன்றரை வயதுக் குழந்தையாக இருந்தபோது, 1984-ல், அப்பாவுக்கு மாநில அணித் தேர்வுக்கு அழைப்பு வந்ததாம். சென்னையில். எனக்கு விஷக் காய்ச்சல் என்று பாதியிலேயே திரும்பி வந்துவிட்டாராம். “உனக்காகத்தான் உங்கப்பன் ஸ்டேட் டீமை விட்டான்” என்று அத்தை எல்லோர் எதிரிலும் சொல்லுவார். சின்ன வயதிலிருந்து அவர் மட்டையைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம்தான். ஒருமுறையாவது அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பழைய பிட்சர், ஆற்காடு
புதன், காலை 7.10

அம்மா, இதை எப்படிச் சொல்வது என்று ராத்திரி முழுக்கப் படுத்துக்கொண்டே யோசித்தேன். அவன் பாதியில் திரும்பவில்லை. வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து நாங்கள் நாலு பேர் போனோம். அப்போது திருவண்ணாமலையும் நம் மாவட்டம்தான், 1989-ல்தான் பிரித்தார்கள். மூன்று நாள் இருந்தோம். கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் நான் எறிந்தேன், அவன் பிடித்தான். ஐந்தாவது இன்னிங்ஸில் இரண்டு பந்து அவனைத் தாண்டிப் போனது, இரண்டு ரன். சாயங்காலம் பெயர் வாசித்தார்கள். என் பெயர் வந்தது. அவன் பெயர் வரவில்லை.

உன்னால் எதுவும் போகவில்லை. போனது என்னால். இரண்டாவது பந்து எனக்கு விரலில் வழுக்கிவிட்டது. அடிக்கிறவன் நிற்கிற பிளேட்டுக்கு முன்னாலேயே தரையில் குத்தி எகிறியது. யார் உட்கார்ந்திருந்தாலும் பிடித்திருக்க முடியாது. 40 வருஷமாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அவனிடமும் பேசியதில்லை.

சத்துவாச்சாரி மகள்
புதன், இரவு 11.20

மாமா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு அப்படியே படித்தேன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன்.

“அவரு நடுராத்திரி வந்தாரு. பேர் வரலன்னாரு. மூஞ்சி வாடிப் போய் கீது. போறதுக்கு மாமனார்கிட்ட நூறு ரூபா வாங்கிகினு போனாரு, மூணு நாள் சம்பளமும் போச்சு. காலைல மாமனார் எழுந்தா வாசல்ல நிக்க வெச்சுக் கேப்பாரு, மனுசன் தாங்கமாட்டாரு. நான்தான் சொன்னேன், கொழந்தைக்கு ஒடம்பு சரியில்ல, நான் ஆள் விட்டு வரச் சொல்லிட்டேன்னு சொல்லுங்கன்னு. அவரு வேணாம்னாரு. நானே போய்ச் சொல்லிட்டேன். அடுத்த வாரம் பாரு, நெஜமாவே உனக்குக் காய்ச்சல் வந்துடுச்சு. பொய் சொன்னதாலதான் வந்துச்சுன்னு நான் அழுதேன். அவரு ராத்திரி பூரா உன்னைத் தோள்ல போட்டுகினு நடந்தாரு. அதுக்கப்புறம் அதைப் பத்தி நாங்க பேசவே இல்ல. உங்க அத்தை சொல்லிக் காட்டுறது உன் மனசுல இருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா.”

அம்மா தூங்கின பிறகு நோட்டுகளை எடுத்துத் தேடினேன். மூன்றாவது நோட்டில் இருக்கிறது. 12.8.1984, ஞாயிறு. மற்ற பக்கங்களில் எழுத்து அச்சுப் போல இருக்கும், இந்தப் பக்கத்தில் கோடெல்லாம் நெளிகிறது.

பழைய பிட்சர், ஆற்காடு
வியாழன், காலை 6.05

நெளியத்தான் செய்யும். சென்ட்ரலிலிருந்து காட்பாடி வரும் வரை ரயிலில் உட்கார்ந்து எழுதினான். கம்பார்ட்மெண்டில் விளக்கு மங்கல், முழங்காலில் நோட்டு. ஒவ்வொரு பந்தாக ஞாபகம் வைத்து எழுதினான். என்ன எழுதுகிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஐந்தாவது இன்னிங்ஸில் என்ன எழுதியிருக்கிறான்? பார்த்துச் சொல்.

சத்துவாச்சாரி மகள்
வியாழன், காலை 6.30

இரண்டு ரன். இரண்டுக்கும் மேலே சின்னதாக ‘பி.பி.’ என்று போட்டு, பக்கத்தில் 2 என்று எண் போட்டு வட்டமிட்டிருக்கிறார். அதற்கு என்ன அர்த்தம் மாமா?

பி.டி. டீச்சர், குடியாத்தம்
வியாழன், காலை 7.45

நான் சொல்கிறேன் அக்கா. ஸ்கோரில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண். 1 பிட்சர், 2 கேட்சர். பந்து கேட்சரைத் தாண்டிப் போனால் யார் தப்பு என்று ஸ்கோர் எழுதுபவர்தான் முடிவு செய்ய வேண்டும். பிட்சர் கெட்டதாக எறிந்திருந்தால் வைல்டு பிட்ச், ‘வை.பி.’. கேட்சர் பிடித்திருக்க வேண்டிய பந்து என்றால் பாஸ்டு பால், ‘பி.பி.’. பிளேட்டுக்கு முன்னால் தரையில் பட்டு வந்த பந்து தாண்டிப் போனால் அது வைல்டு பிட்ச்தான். இதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே சார்தான். ஒருமுறை நான் மாற்றிப் போட்டதற்கு அந்தப் பக்கத்தையே மறுபடி எழுத வைத்தார்.

அவர் தெரியாமல் எழுதவில்லை.

பழைய பிட்சர், ஆற்காடு
வியாழன், காலை 8.20

முதல் பந்து சரி, அது அவன் கையில் பட்டு நழுவியதுதான். இரண்டாவது என்னுடையது. இரண்டையும் அவன் பெயரில் எழுதிக்கொண்டு, காட்பாடியில் இறங்கும்போது என் தோளில் கை போட்டு, “நேஷனல்ஸுக்குப் போறப்ப என் கிளவுஸை எடுத்துட்டுப் போடா” என்றான். எடுத்துப் போனேன்.

அம்மா, எனக்கு அந்த நோட்டு வேண்டாம். அந்தப் பக்கத்தை மட்டும் ஒருமுறை கையில் வைத்துப் பார்க்க வேண்டும். முடிந்தால் இரண்டாவதைத் திருத்திவிடு. ‘வை.பி., 1’ என்று போடு.

சத்துவாச்சாரி மகள்
வெள்ளி, இரவு 8.40

எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். தம்பியும் அம்மாவும் நானும் பேசி முடித்தோம்.

மாஸ்க், மட்டை, கோணிப்பை, பிளந்த பந்து எல்லாம் டீச்சர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு. பந்தை மட்டும் அவர் காட்டின மாதிரியே காட்டுங்கள் டீச்சர். கிளவுஸும் உங்களுக்குத்தான், ஆனால் பீரோவில் வைக்கக் கூடாது, யாராவது போட்டு ஆட வேண்டும். பாய் சொன்னபடி விளக்கெண்ணெய் தடவிக் கட்டி வைத்திருக்கிறேன். அவர் வெட்டிய லேஸ் இன்னும் ஒரு இழை கூட அறவில்லை. நோட்டுகள் வீட்டில் இருக்கும், அத்தான் வந்து ஸ்கேன் செய்யட்டும்.

வரும் ஞாயிறு காலை 7 மணிக்குக் குடியாத்தத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி இருக்கிறதாம். அம்மாவும் வருகிறேன் என்கிறார். புளி ஊற வைக்கச் சொல்லிவிட்டார், தூக்கு நிறைய.

மாமா, நான் திருத்தமாட்டேன். அது அவர் எழுதியது. அதற்குப் பக்கத்தில் ஓரத்தில் இடம் இருக்கிறது, அன்றைக்கு வீட்டுக் கணக்கு எதுவும் எழுதவில்லை அவர். நீங்கள் வந்து உங்கள் கையால் எழுதுங்கள். மூன்றாவது நோட்டை எடுத்து வருகிறேன்.

பழைய பிட்சர், ஆற்காடு
வெள்ளி, இரவு 9.15

வருகிறேன் அம்மா. பேத்தி கூட்டி வருவாள். பென்சில் சீவி வை.